அழுத்தமும் இடைச்சொல்லும்: கொல்கத்தாவில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி – ஒரு திறனாய்வு

0. முன்னுரை

1926-ஆம் ஆண்டில் அன்றைய கல்கத்தாவிலிருந்து இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிச் சுனிதி குமார் சாட்டர்ஜி எழுதிய பெருநூல். மற்றொன்று, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தை மையமாக வைத்து இருமொழியம் குறித்து எழுதிய அறிக்கை நூல். முன்னது வங்காள ஒலிகளின் அமைப்பையும் வரலாற்றையும் நுட்பமாக விளக்கியது. பின்னது வங்காள மாணவனுக்கு ஆங்கிலம் எதற்காக, எந்த வரிசையில் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் வினாவை எழுப்பியது. இவ்விரு நூல்களின் பொருள்களும் ஒன்றையொன்று சந்தித்திருக்க வேண்டியவை. அச்சந்திப்பு இன்றளவும் முழுமையாக நிகழவில்லை. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் ஒலியியல் அறிவு பிழைப்பட்டியலாகச் சுருங்கிவிட்டது. ‘எதற்காக’ என்னும் வினாவோ பெரிதும் மறக்கப்பட்டது.

கொல்கத்தாவில் வழங்கும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி முறையை, அந்நகரில் வாழும் வங்காளியரையும் தமிழரையும் முன்வைத்து இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. தனி ஒலிகளைத் திருத்துவதில் தொடங்கும் பயிற்சி, பேச்சின் தெளிவுக்கும் உதவுவதில்லை, ஓட்டத்துக்கும் உதவுவதில்லை என்பதும், வாக்கிய அழுத்தத்தில் தொடங்குவதே தக்கது என்பதும், அதற்குரிய கருவி கற்பவரின் தாய்மொழி இடைச்சொற்களிலேயே உள்ளது என்பதும் இங்கு நிறுவ முற்படும் கருத்துகள் ஆகும்.

1. வாசிப்பும் கேள்வியும்: வங்காளத்தின் இரு வழிகள்

1.1 வெஸ்டின் வாதம் எளிது. பள்ளியில் சேரும் மாணவருள் மிகப் பலர் இடையிலேயே படிப்பை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்துபவர் கையில் எஞ்சும் பயன் என்ன? சில ஆண்டுகள் பேச்சுப் பயிற்சி மட்டும் பெற்றவர், ஆங்கிலம் பேச ஆளில்லாத ஊரில் அதனை விரைவில் இழப்பார். வாசிக்கக் கற்றவரோ நூல்வழி அறிவைத் தொடர்ந்து பெறலாம். ஆதலின் வாசிப்பே முதலில் வேண்டும் என்றார் அவர். சொல்தொகையை வரையறுத்து அவர் ஆக்கிய வாசிப்பு நூல்கள் பின்னர்ப் பல நாடுகளில் பயன்பட்டன. அவருடைய முடிவை ஏற்பினும் மறுப்பினும், அவர் தொடங்கிய இடம் சரியானது. கற்பவரின் வாழ்க்கையில் அம்மொழிக்கு உள்ள பயனிலிருந்தே பாடத்திட்டம் பிறக்க வேண்டும் என்பதே அவ்விடம்.

1.2 வெஸ்டுக்கு முன்னரே இரவீந்திரநாத் தாகூர் வேறொரு வழியில் சென்றார். தாய்மொழிவழிக் கல்வியை வற்புறுத்தி 1892-இலேயே கட்டுரை எழுதிய அவர், 1901-இல் தொடங்கிய சாந்திநிகேதன் பள்ளிக்காக ஆங்கிலப் பாடநூல்களையும் தாமே ஆக்கினார். அவற்றுள் ஒன்று 1909-இல் வெளியான ‘இங்கரேஜி ஸ்ருதிசிக்ஷா’. கேட்டுக் கற்றல் என்பது அதன் பெயரிலேயே அமைந்துள்ளது. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு செயலைச் சொல்ல, மாணவர் அதனைக் கேட்டுச் செய்து காட்டுவர். கல்வியைப் போலவே கேள்வியையும் தனி அதிகாரமாக வைத்த குறள் மரபினர்க்கு இம்முறையின் கருத்து புதிதன்று.

1.3 வெஸ்ட் கண்ணிலும் தாகூர் செவியிலும் தொடங்கினர். எனினும் இருவர்க்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவரும் தனி ஒலிகளில் தொடங்கவில்லை. பொருளுள்ள தொடரிலேயே தொடங்கினர். பின்வந்த பேச்சுப் பயிற்சி முறை இவ்விருவரையும் விட்டு விலகியது இந்த இடத்தில்தான்.

1.4 ஆங்கிலத்தின் பயன் இன்று மாறியுள்ளது. மேற்கு வங்க அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் ஆங்கிலம் நீக்கப்பட்டது. நெடிய விவாதத்துக்குப் பின், 1998-இல் மொழியியலாளர் பவித்ர சர்க்கார் தலைமையில் அமைந்த குழு அதனைத் தொடக்கப் பள்ளியில் மீண்டும் சேர்க்கப் பரிந்துரைத்தது. பின்னர்ப் படிப்படியாக முதல் வகுப்பு வரை அது திரும்பியது. இதற்கிடையில் சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில் கணினி நிறுவனங்களும் தொலைபேசிச் சேவை நிலையங்களும் பெருகின. பேச ஆளில்லை என்று வெஸ்ட் கருதிய இளைஞரின் காதருகே இன்று தொலைபேசி இருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் தில்லிக்காரராகவோ சென்னைக்காரராகவோ அமெரிக்கராகவோ இருக்கலாம். எனவே பேச்சே முதற்பயனாகிவிட்ட கற்போர் பலர் உளர். இவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே இன்றைய வினா.

2. பிழைப்பட்டியல் முறை

2.1 1957-இல் ராபர்ட் லாடோ, கற்பவரின் மொழியையும் கற்கப்படும் மொழியையும் உறழ்ந்து நோக்கினால் கற்றலின் இடர்களை முன்கூட்டியே அறியலாம் என்றார். இந்தியப் பல்கலைக்கழகங்களில் இக்கருத்து பெருவரவேற்பைப் பெற்றது. ஆங்கில ஒலியன்களையும் ஓர் இந்திய மொழியின் ஒலியன்களையும் ஒப்பிட்டு, இல்லாதவற்றைப் பட்டியலிட்டு முடிவுறும் ஆய்வேடுகள் பலவற்றை நாம் அறிவோம். அப்பட்டியலே பின்னர்ப் பயிற்சி நூல்களில் ஏறியது. தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் பயிற்சி அறைகளில் அது ‘தாய்மொழித் தாக்கம்’ என்னும் பெயர் பெற்றது, ‘எம்.டி.ஐ.’ எனச் சுருங்கியது. ‘அவருக்கு எம்.டி.ஐ. அதிகம்’ என்று, சர்க்கரை நோயைச் சொல்வதுபோல் இன்று சொல்லப்படுகிறது. விளக்குவதற்காக நம் துறை ஆக்கிய கருத்து, கற்பவரின் தாய்மொழியை நோயாக்கும் சொல்லாக மாறியதில் நமக்கும் பொறுப்பு உண்டு.

2.2 இப்பட்டியல்களை அருகருகே வைத்து நோக்குவது பயனுடையது. கொல்கத்தா வங்காளத்தில் உயிர்களின் குறில் நெடில் வேறுபாடு பொருளை வேறுபடுத்துவதில்லை; ஆதலின் ‘ஷிப்’, ‘ஷீப்’ என்னும் இரண்டும் ஒன்றாகலாம். இதழ்ப்பல் ஒலியாகிய ஆங்கில வகரத்துக்கு ஈடாக, மூச்சுடன் கூடிய ஈரிதழ் ஒலிப்புடை ஒலி வருகிறது. ‘வெரி’ என்பது ‘பெரி’ போல் கேட்பதும், ‘வோட்’ என்பது வங்காள எழுத்தில் ‘போட்’ போல் எழுதப்படுவதும் இதனால்தான். ‘ஜீரோ’ என்பதன் முதலில் ஆங்கிலத்தில் வரும் ஒலிப்புடை உரசொலிக்கு ஈடாக அடைப்புரசொலி வருகிறது. சகர ஷகர வேறுபாடும் நிலையாக நிற்பதில்லை.

தமிழ்ப் பட்டியல் வேறு. தமிழரிடம் குறில் நெடில் உறுதியாக உள்ளது, வகரமும் உள்ளது. ஆனால் தமிழ்ச் சொற்களில் வல்லெழுத்துகளின் ஒலிப்புடைமை இடத்தால் அமைவதேயன்றிப் பொருளை வேறுபடுத்துவதன்று. ஆகவே ஆங்கிலப் பழக்கம் குறைந்தவரிடம் ‘பின்’ என்னும் ஒரே எழுத்து வடிவம், ஊசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் உரிய இரு ஆங்கிலச் சொற்களையும் ஒன்றாக்கலாம். மொழிமுதல் எகரம் ‘யெ’ என ஒலிக்கும். மெய்யீற்றுச் சொற்கள் உகரம் பெற்றுப் ‘பஸ்ஸு’, ‘காரு’ என நீளும்.

2.3 தென்கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அப்பகுதியில் ஒரு பயிற்சி வகுப்பில் இக்கட்டுரையாளர் பார்வையாளராக அமர்ந்திருந்ததுண்டு. வங்காளி இளைஞர் ஒருவர் தம் பழைய வேலையை ஏன் விட்டார் என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். வாக்கியத்தின் நடுவே வந்த ‘ஜீரோ’ என்னும் சொல்லுக்காக ஆசிரியர் அவரை மும்முறை நிறுத்தினார். மூன்றாம் முறை அவர் அச்சொல்லைச் சரியாக ஒலித்தார். ஆனால் சொல்ல வந்த செய்தியை அங்கேயே விட்டுவிட்டு அமர்ந்தார். அடுத்திருந்த தமிழ்ப் பெண்ணுக்கு வேறொரு பட்டியல் காத்திருந்தது. வகுப்பின் முடிவில் அவ்விருவரும் தங்களுக்குள் வங்காளத்தில் தடையின்றிப் பேசிக்கொண்டே வெளியேறினர். அந்த இளைஞர் வேலையை விட்ட காரணம் வகுப்பில் எவர்க்கும் தெரியாமலே போயிற்று.

2.4 இருவர் பட்டியலும் வேறாயிருக்க, ஒரே வகுப்பில் பட்டியல் முறை ஒருவர்க்குப் பயன்படும்போது மற்றவர்க்கு வீணாகிறது. இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. பட்டியல் இல்லாதவற்றையே எண்ணுகிறது; உள்ளவற்றை எண்ணுவதில்லை. சான்றாக, ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசையின் முதலில் வரும் ஒலிப்பிலா வெடிப்பொலிகள் மூச்சுடன் ஒலிக்கின்றன. மூச்சின்றி ஒலித்தால் ஆங்கிலச் செவிக்குப் ‘பேக்’ என்பதில் பொதி கட்டுதலா, பையா என ஐயம் எழும். தமிழில் மூச்சொலி இல்லை. வங்காளத்தில் அது முழுமையாக உள்ளது. ஆயினும் வங்காளியர் அதனை இவ்விடத்தில் பயன்படுத்துவதில்லை. மூச்சுடைய பகர ஒலியை ஆங்கில இதழ்ப்பல் உரசொலிக்கு ஈடாக வழங்கிவிட்டு, வெடிப்பொலிக்கு மூச்சற்ற பகரத்தையே தருகின்றனர். கையிலிருக்கும் பொருள் வேறிடத்தில் செலவாகிவிடுகிறது. இதனை ஆசிரியர் சுட்டிக் காட்டினாலே போதும். புதிய ஒலி எதனையும் கற்க வேண்டியதில்லை. இல்லாமையை மட்டும் எண்ணும் பட்டியலில் இச்செய்தி இடம்பெற வழியே இல்லை.

3. எழுத்து தரும் ஒலிப்பு

3.1 வகுப்புக்குச் செல்ல இயலாதவர் நாடுவது, குறுகிய நாட்களில் ஆங்கிலம் பேசக் கற்பிப்பதாகக் கூறும் தன்பயிற்சி நூல்களை. இவை தமிழிலும் வங்காளத்திலும் பெருமளவில் விற்பனையாகின்றன. ஆங்கிலத் தொடர், அதன் பொருள், ஒலிப்பு ஆகிய மூன்றையும் தரும் இவற்றில் ஒலிப்பு தாய்மொழி எழுத்திலேயே அமைகிறது. ஆசிரியர் இல்லாத இடத்தில் எழுத்தே ஆசிரியராகிறது.

3.2 எழுத்து எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பது நோக்கத்தக்கது. ‘போட்டோகிராப்’, ‘போட்டோகிராபி’, ‘போட்டோகிராபிக்’ என்னும் மூன்று சொற்களிலும் தமிழெழுத்தில் முற்பகுதி ஒன்றே. ஆங்கிலப் பேச்சிலோ முதற்சொல்லில் முதலசையும், இரண்டாவதில் இரண்டாம் அசையும், மூன்றாவதில் மூன்றாம் அசையும் முதன்மை அழுத்தம் பெறுகின்றன. அழுத்தம் இடம்பெயரும்போது, அதனை இழந்த அசையின் உயிர் பெரும்பாலும் தேய்கிறது. ஆகவே இம்மூன்றும் செவிக்கு வேறு வேறு உயிர் வரிசைகள். தமிழெழுத்து ஒவ்வோர் அசையையும் முழு உயிருடன் எழுதுவது; வங்காள எழுத்தும் இவ்வகையில் அத்தகையதே. தேயும் உயிரைக் காட்ட இரண்டிலும் குறி இல்லை. உரசொலிக்கு ஆய்தம் சேர்த்து ‘ஃபோட்டோ’ என எழுதலாமா கூடாதா என்று நாம் நெடுங்காலம் வாதிட்டுள்ளோம். அழுத்தத்தைக் காட்டுவதற்கு அத்தகைய வாதம் ஒன்றும் எழவில்லை. நம் கவனம் எங்கிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

4. கேட்பவரின் தேவை

4.1 ஐதராபாத்தில் 1958-இல் தொடங்கப்பெற்ற மைய ஆங்கில நிறுவனம், இன்று ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக உள்ளது. அந்நிறுவனத்தின் வாயிலாக ஆர். கே. பன்சல் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய ஆங்கிலம் பிறர்க்கு எவ்வளவு விளங்குகிறது என்பதை அளந்த முன்னோடி முயற்சி ஆகும். பிரித்தானியச் செவிகளுக்கு அது சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காடு விளங்கியது என்பது அவர் கண்ட முடிவு. விளங்காமைக்கு அவர் காட்டிய காரணங்களுள் சொல்லழுத்தப் பிறழ்ச்சிக்கும் வாக்கியத் தாளத்துக்கும் முதன்மையான இடம் உண்டு. ஆயினும் அவ்வாய்வைப் பின்பற்றிய பயிற்சி நூல்கள் பல, உயிர் மெய்களுக்கு நிறையப் பக்கங்களை ஒதுக்கி, அழுத்தத்தை இறுதி இயல்களுக்குத் தள்ளின. பாடத்திட்டம் முடியாத ஆண்டுகளில் முதலில் கைவிடப்படுவன இறுதி இயல்களே என்பதை ஆசிரியர் அறிவர்.

4.2 பிற்கால ஆய்வுகள் இச்சிக்கலைத் தெளிவாக்கின. 1995-இல் மரே மன்ரோ, டிரேசி டெர்விங் ஆகியோர், அயல்தொனி மிகுதியாக இருப்பது வேறு, பேச்சு விளங்காமை வேறு எனக் காட்டினர். தொனி மிகுந்த பேச்சும் முழுமையாக விளங்கக்கூடும். 1988-இல் ஆடம் பிரௌன், ஓர் ஒலி வேறுபாடு எத்தனை சொற்களைப் பிரிக்கிறது என்னும் பணிச்சுமையை நோக்கியே எதனைக் கற்பிப்பது என முடிவு செய்ய வேண்டும் என்றார். இவ்வளவுகோலின்படி, வங்காளியரின் ‘வெரி’ கேலிக்கு உள்ளாவதற்கேற்ற அளவுக்குப் பொருள் மயக்கத்தை உண்டாக்குவதில்லை. ‘மிக’ என்னும் பொருளுடைய சொல் வரும் இடத்தில் பழத்தின் பெயர் வருவது அரிது.

4.3 சொல்லழுத்தம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் தமக்குள் பேசும் பேச்சை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000-இல் வெளியிட்ட நூலில் சொல்லழுத்தத்தை இன்றியமையாதவற்றின் பட்டியலில் சேர்க்கவில்லை. ஜான் ஃபீல்ட் 2005-இல் செய்த சோதனையிலோ, அழுத்தம் இடம் மாறியபோது தாய்மொழியாளரும் பிறரும் ஒருங்கே இடர்ப்பட்டனர். இவ்விவாதம் முடியும்வரை வகுப்பறை காத்திருக்க இயலாது. காத்திருக்கத் தேவையும் இல்லை. வாக்கியத்தின் எந்தச் சொல் முதன்மை பெறுகிறது என்பதைக் காட்டும் வாக்கிய அழுத்தம் இன்றியமையாதது என்பதை ஜென்கின்ஸும் ஏற்கிறார். இரு சாராரும் உடன்படும் இவ்விடத்தில் தொடங்குவதே முறை.

5. அழுத்தமும் இடைச்சொல்லும்

5.1 ‘இதைச் சொன்னது யார்?’ என்னும் வினாவுக்குத் தமிழர் ‘நான்தான் சொன்னேன்’ என்பர். வங்காளியர் ‘ஆமிஇ போலேச்சி’ என்பர். தமிழில் ‘தான்’, வங்காளத்தில் இகர இடைச்சொல். இரு மொழிகளும் முதன்மை பெறும் சொல்லை ஓர் இடைச்சொல்லால் சுட்டுகின்றன. ஆங்கிலம் இவ்விடத்தில் இடைச்சொல் எதனையும் சேர்ப்பதில்லை. ‘ஐ செட் இட்’ என்னும் தொடரில் ‘ஐ’ என்பதன்மேல் குரலை ஏற்றுகிறது, அவ்வளவே. கற்பவர் தம் இடைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடுகிறார். ‘ஒன்லி’ கிடைக்கிறது. ‘ஐ ஒன்லி செட் இட்’ என்கிறார்.

5.2 இத்தொடர் இந்தியரிடையே ஐயத்தை எழுப்புவதில்லை. இந்திய ஆங்கிலத்தின் இயல்பான கூறுகளுள் ஒன்றாகவே இதனைக் கொள்ளலாம். ஆனால் மறுமுனையில் இருப்பவர் இம்மரபை அறியாதவராயின் பொருள் தலைகீழாகும். ‘நான்தான் சொன்னேன்’ என்பது பொறுப்பேற்றல். அவர் செவியில் விழுவதோ ‘நான் சொல்ல மட்டுமே செய்தேன்’ என்னும் பொறுப்பு விலக்கல். ஒரு விசாரணையிலோ, தவறை ஒப்புக்கொண்டு வாடிக்கையாளரைத் தணிக்க வேண்டிய உரையாடலிலோ இவ்வேறுபாடு சிறிதன்று. இத்தொடரில் தனி ஒலிகள் அனைத்தும் பிழையற்றிருக்கலாம். பிழைப்பட்டியல் இதனைப் பிழையெனக் காணவே காணாது.

5.3 இதற்கு ஒலிநிலைக் காரணமும் உண்டு. புரூஸ் ஹேயஸ், அதிதி லாஹிரி ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வங்காளத் தொடரில் முதன்மை பெறும் அசை தாழ்ந்த குரலில் அமைந்து, தொடர்ப் பகுதியின் இறுதியில் குரல் உயர்கிறது. தமிழ்த் தொனியை விளக்கிய எலினார் கீன் 2014-இல் தமிழுக்குக் காட்டும் அமைப்பும் இதனை ஒத்ததே. ஆங்கில எடுத்துரைப்பிலோ பெரும்பாலும் முதன்மை பெறும் அசையிலேயே குரல் உயர்ந்து, பின் இறங்குகிறது. ஆகவே வங்காளியரும் தமிழரும் ஒரு சொல்லை முதன்மைப்படுத்தியே பேசினாலும், உயர்வைத் தேடும் ஆங்கிலச் செவி அதனைத் தவறவிடக்கூடும். தனி ஒலிகளில் வேறுபட்டு நிற்கும் இரு மொழியினரும் இங்கு ஒரே இடத்தில் நிற்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரே வகுப்பில் இருவர்க்கும் பொதுவாகக் கற்பிக்கத்தக்கது இதுவே.

5.4 இதனைக் கற்பிக்கும் கருவி கற்பவரிடமே உள்ளது. ‘ரவி நேற்றுக் கொல்கத்தாவுக்கு வந்தான்’ என்னும் செய்தியை எடுத்துக்கொள்வோம். யார், எப்போது, எங்கே என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையாக ‘ரவிதான்’, ‘நேற்றுத்தான்’, ‘கொல்கத்தாவுக்குத்தான்’ என இடைச்சொல் இடம் மாறுவதைக் கற்பவர் பிழையின்றி உணர்வர். வங்காளியர் தம் இகரத்தை அவ்வாறே இடம் மாற்றுவர். பின்னர் ஆங்கிலத் தொடரில் சொல் எதனையும் சேர்க்காமல், இடைச்சொல் நின்ற இடத்தில் குரலை ஏற்றச் செய்ய வேண்டும். இலக்கண விதி எதனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தாய்மொழித் தாக்கம் எனப் பழிக்கப்பட்ட அதுவே இங்கு வழிகாட்டியாகிறது.

5.5 இவ்வீடு எல்லா இடத்திலும் பொருந்தும் எனக் கொள்ளுதல் கூடாது. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறுகிறது. இவற்றுள் நமக்கு வேண்டுவன பிரிநிலையும் தேற்றமும். பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் பிரிநிலை, ஆங்கிலத்தில் அப்பெயரின்மேல் விழும் அழுத்தமாகும். ஐயமின்மையைக் காட்டும் தேற்றமோ வேறிடம் செல்லும். ‘நான் சொன்னேனே!’ என்பதற்கு ஈடான ஆங்கிலத் தொடரில் ‘டிட்’ என்னும் துணைவினை புகுந்து, அதுவே அழுத்தம் பெறுகிறது. ‘போய்த்தான் பார்ப்போமே’ போன்ற தொடர்களில் வரும் ‘தான்’ பேசுவோர் மனநிலையைக் காட்டுவது. அதனை ஆங்கிலத்தில் அழுத்தத்தால் மட்டும் காட்ட இயலாது. ஆசிரியர் இவ்வேறுபாடுகளை அறிந்து, பிரிநிலையில் தொடங்கிப் பின் தேற்றத்துக்குச் செல்லுதல் நலம். இடையியலைப் பழைய இலக்கணமாக மட்டும் கற்பிப்போர்க்கு அதன் இப்பயன் புலப்படாது.

6. ஓட்டம் என்பது யாது?

6.1 பேச்சின் ஓட்டத்தை விரைவு எனக் கொள்வது பரவலான பிழை. ஓட்டமாகப் பேசுவோரும் நிறுத்துகின்றனர். ஆனால் தொடர்ப் பகுதிகளின் எல்லையில் நிறுத்துகின்றனர். தடுமாறுவோர் பகுதியின் நடுவே நிறுத்துகின்றனர். தமிழும் வங்காளமும் வினையை இறுதியில் வைப்பவை. ஆங்கிலம் எழுவாயை அடுத்து வினையை வேண்டுவது. தாய்மொழியில் தொடரை அமைத்துக்கொண்டு பேசுபவர் எழுவாயைச் சொன்னவுடன் வினையைத் தேடி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

6.2 தனி ஒலியைத் திருத்தும் ஆசிரியர் கற்பவரை நிறுத்துவதும் பெரும்பாலும் பகுதியின் நடுவில்தான். இதனால் கற்பவர் கவனம் பொருளிலிருந்து நாவுக்குச் செல்கிறது. நாவைக் கவனித்துக்கொண்டே பேசுபவர் ஒவ்வோர் அசையையும் எடை போட்டு ஒலிக்கிறார். எல்லா அசையும் ஒரே எடை பெற்றால் அழுத்தம் மறைகிறது. ஆக, தெளிவுக்காகச் செய்யப்படும் திருத்தம் ஓட்டத்தைக் கெடுக்கிறது. ஓட்டம் கெடுவதால் தெளிவும் கெடுகிறது. ஒலிப்பும் ஓட்டமும் ஒன்றற்கொன்று பகை எனப் பயிற்சி நூல்கள் கருதுவது, அவை தாமே உண்டாக்கிய பகையாகும். முதன்மைச் சொல்லைக் குறிவைத்துப் பேசும் பயிற்சியில் இரண்டும் ஒருங்கே வளர்கின்றன. ஏனெனில் ஒரு பகுதிக்குப் பொதுவாக ஒரு முதன்மைச் சொல். அதனைத் தேர்ந்தவர் பகுதியின் எல்லையையும் தேர்ந்தவராகிறார்.

6.3 இதனால் தனி ஒலிப் பயிற்சி வேண்டா என்பது கருத்தன்று. வங்காளியர்க்கு உயிரின் நெடுமையும், தமிழர்க்குச் சொல் முதலில் ஒலிப்புடை ஒலிப்பிலா வேறுபாடும் பயிற்றத்தக்கவை. இவற்றின் பணிச்சுமை மிகுதி. ஆனால் அவை பேச்சு முடிந்த பின்னர், முதன்மை பெற்ற சொற்களில் மட்டும் திருத்தப்பட வேண்டும். கேட்பவர் செவி கூர்ந்து கேட்பது அச்சொல்லைத்தான். ஒலிப் பிழை அவரை மிகுதியாக இடர்ப்படுத்துவதும் அங்கேதான்.

7. மொழிபெயர்ப்பாளர் கவனத்துக்கு

மேற்கூறியவை பேச்சு வகுப்போடு முடிவனவல்ல. ஆங்கிலப் புனைகதைகளில் உரையாடலின் ஒரு சொல் சாய்வெழுத்தில் அச்சாவதுண்டு. அது பேசுபவர் குரலின் ஏற்றத்தைக் காட்டுவது. தமிழ் மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அச்சாய்வு அப்படியே சாய்வெழுத்தாகவோ தடித்த எழுத்தாகவோ மாற்றப்படுகிறது. தமிழ் வாசகர்க்கு அதனால் குரல் கேட்பதில்லை. அவ்விடத்தில் வரவேண்டியது ‘தான்’, அல்லது ஏகாரம், அல்லது ‘சொன்னது நான்தான்’ என்பது போன்ற தொடர் மாற்றம். மறுதலையாக, தமிழ்க் கதையின் ‘தான்’ ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ஒரு தனிச் சொல்லாகப் பெயர்க்கப்படும்போது உரையாடல் விறைத்துப் போகிறது. உடனிருந்து வாய்மொழியாகப் பெயர்ப்பவர்க்கு இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அவர்க்குச் சாய்வெழுத்தும் இல்லை, குரல் ஒன்றே உண்டு. வங்காளத்திலிருந்து ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் நூல்களில், மூலத்தின் இகரம் ஆங்கிலத்தில் அழுத்தமாக மறைந்து, தமிழில் இடைச்சொல்லாக மீளாமலே போவதுண்டு. வங்காளத்திலிருந்து நேரே பெயர்ப்பவர்க்கு இவ்விழப்பு நேர வேண்டியதில்லை. பேச்சுப் பயிற்சியாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஒரே சிக்கலின் இரு முனைகளைப் பிடித்திருக்கின்றனர் எனலாம்.

8. முடிவுரை

8.1 சாட்டர்ஜி, லண்டனில் டேனியல் ஜோன்ஸிடம் ஒலியியல் பயின்றவர். 1921-இல் வங்காள ஒலியியலைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டவர். ஆங்கில ஒலிப்பு அகராதியின் ஆசிரியரிடம் பயின்ற அவர், அப்பயிற்சியைத் தம் தாய்மொழியின் ஒலிகளை விளக்கப் பயன்படுத்தினார். பின்வந்த பயிற்சி முறையோ அதே ஒலியியலைக் கொண்டு தாய்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

8.2 இக்கட்டுரையில் எட்டிய முடிவுகள் வருமாறு: பிழைப்பட்டியல் மொழிக்கு மொழி வேறுபடுவதால் பன்மொழி வகுப்புக்கு அது பொருந்துவதில்லை. கற்பவரிடம் உள்ள ஒலி வளத்தை அது காண்பதில்லை. தன்பயிற்சி நூல்கள் தாய்மொழி எழுத்தால் அழுத்தத்தை மறைக்கின்றன. வாக்கிய அழுத்தமே வங்காளியர்க்கும் தமிழர்க்கும் பொதுவான, முதலில் கற்பிக்கத்தக்க கூறு. அதற்கு அவ்விரு மொழிகளின் இடைச்சொற்கள் கருவியாகின்றன.

8.3 இம்முறையைப் பாடமாக்கி, ஒரே வகுப்பில் இரு மொழியினர்க்கும் கற்பித்து, அவர்தம் பேச்சைக் கொல்கத்தாவுக்கு வெளியே உள்ளோர் கேட்டு மதிப்பிடச் செய்தல் அடுத்து நிகழ வேண்டிய ஆய்வாகும். மலையாளத்திலும் இந்தியிலும் உள்ள இணையான இடைச்சொற்களுக்கும் இதனை விரித்துக் காணலாம். அத்தகைய வகுப்பில் முதற்பாடம் ஒலிப்பட்டியலாக இருத்தல் கூடாது. தம் வேலையை ஏன் விட்டார் என்பதை ஓர் இளைஞர் இடையீடின்றிச் சொல்லி முடிப்பதும், பிறர் அதனைக் கேட்பதும் முதற்பாடமாக அமைய வேண்டும். திருத்தம் அதன் பிறகு வரலாம்.